ஒரே வருடம், இரண்டு கரைகள்

பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அந்தத் தண்டவாளத்தைவிட்டு இந்த வாரமும் நாம் விலகப்போவதில்லை. அதன் வடக்கு முனையில் இறங்கி சாலையைக் கடந்தால் பர்மா பஜார். தெற்கு முனையான தாம்பரத்தைத் தாண்டினால் செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாக ராமேஸ்வரம் வரை போகும் பாதை. எழும்பூரில் கிளம்பி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போன ‘போட் மெயில்’ இந்தத் தாம்பரத்தைக் கடந்துதான் போனது. பர்மாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் திரும்பி வந்த லட்சக்கணக்கான தமிழர்களின் கதை இந்த இரண்டு முனைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருவருக்கும் விதி எழுதப்பட்டது ஒரே வருடத்தில், 1964-இல்.

பர்மாவில் 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நே வின், 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசுடைமையாக்கினார். மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார். கடையும் போய், பெட்டியிலிருந்த பணமும் போயிற்று. அதே வருடம் அக்டோபர் 30-ஆம் தேதி டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நின்ற சிலோன் மலைத் தோட்டங்களின் 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மிச்சமுள்ள ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது முடிவு. அந்த மிச்சத்தையும் 1974-இல் இந்திராவும் சிறிமாவோவும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியே இல்லாமல் போனது. அவர்களை ஏற்றிவந்த கப்பல் பின்னாளில் ராமேஸ்வரத்தில்தான் கரை சேர்ந்தது.

பர்மாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1.44 லட்சம் பேர். சிலோனிலிருந்து வந்தவர்கள், பிள்ளைகளையும் சேர்த்து, நான்கு லட்சத்துக்கும் மேல். அறுபது வருடம் கழித்து இன்று பார்த்தால், பர்மாக்காரர் என்றால் நகரத்து வியாபாரி என்றும், சிலோன்காரர் என்றால் நீலகிரியில் கூலி என்றும் ஒரு சித்திரம் பலர் மனதில் இருக்கிறது. முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. “அவங்க வியாபார மூளை, இவங்க தோட்டத்து ஆளுங்க” என்று முடித்துவிடுகிறார்கள். கொண்டுவந்ததையும் கிடைத்ததையும் எடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

முதலில், கொண்டுவந்தது. பர்மாக்காரர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். நகைநட்டைக்கூட ரங்கூன் துறைமுகச் சோதனையில் விட்டுவிட்டுத்தான் பலர் கப்பலேறினார்கள். கீழ் பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் கால்வாசி நிலம் 1930-களில் நகரத்தார் கைக்குப் போயிருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் செல்வந்தர்களில் பெரும்பாலோர் 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோதோ, 1948-இல் பர்மா விடுதலையானபோதோ செட்டிநாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். 1964-க்குப் பிறகு வந்தவர்கள் சின்னக் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், துறைமுகக் கூலிகள், விவசாயக் கூலிகள்.

சிலோன்காரர்களுக்கோ காகிதத்தில் எல்லாம் இருந்தது. சேமநல நிதியும் பணிக்கொடையும் எடுத்துவரலாம், குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் குறைவாக உச்சவரம்பு வைக்கக் கூடாது என்று ஒப்பந்தமே சொன்னது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் பாஸ்போர்ட் கொடுத்தது, குடும்ப அட்டை கொடுத்தது. இந்தியாவில் எந்தத் திட்டத்தின் கீழ் எங்கே போக வேண்டும் என்பதுவரை அந்த அட்டையில் எழுதியிருந்தது. இத்தனை முன்னேற்பாட்டோடு வந்தவர்கள் பின்தங்கினார்கள். ஏற்பாடே இல்லாமல் வந்தவர்கள் தேறினார்கள்.

பர்மாக்காரர்கள் இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களில் பலர் நகரத்தைவிட்டுப் போகவே இல்லை. 1969-இல் துறைமுகத்துக்கு எதிரே, பீச் ஸ்டேஷனை ஒட்டிய நடைபாதையில் அவர்களுக்குப் பெட்டிக்கடைகள் ஒதுக்கப்பட்டன. ஆறடிக் கடைக்கு எதிரே உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து நின்றன. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு நாடே கதவடைத்திருந்த காலம் அது. மாலுமிகள் கைப்பையில் கொண்டுவந்த கைக்கடிகாரம், சென்ட், ஜப்பான் புடவை, பிறகு டூ-இன்-ஒன், கால்குலேட்டர், வீடியோ கேசட் எல்லாம் அங்கே கிடைத்தன. சுங்கத்துறை அவ்வப்போது சோதனை போட்டது, கடைகள் மறுநாளே திறந்தன. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் எழுபதுகளில் கல்யாணம் பேசிய வீடுகளுக்கு மாப்பிள்ளை வாட்ச் எங்கே வாங்குவது என்ற குழப்பமே இருந்ததில்லை. யூனிட் ட்ரெயினில் ஏறினால் கடைசி ஸ்டேஷன்.

1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு படிப்படியாகத் திறந்ததும் அந்தக் கடைகளின் மவுசு குறைந்தது. அதற்குள் ஒரு தலைமுறை படித்து வெளியேறியிருந்தது. கடைகளும் கைமாறின. சிடி, பிறகு செல்போன் என்று இன்றும் வியாபாரம் நடக்கிறது, ஆனால் கல்லாவில் இருப்பவர் பர்மாவைப் பார்த்த குடும்பத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தெருவில் பிறந்த அத்தோ மட்டும் புறநகர்த் தள்ளுவண்டிகள் வரை வந்து சேர்ந்துவிட்டது: நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப்.

எல்லா பர்மாக்காரர்களும் இப்படித் தேறினார்கள் என்றால் வியாசர்பாடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர் பக்கத்திலும் குடிவைக்கப்பட்ட பர்மாக் குடும்பங்கள் பல இன்றும் தினக்கூலிக்குத்தான் போகின்றன. தஞ்சாவூர், காரைக்குடி என்று தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் ‘பர்மா காலனி’ இருக்கிறது, அங்கெல்லாம் துறைமுகம் இல்லை. இங்கே பிழைக்க முடியாது என்று பர்மாவுக்கே நடந்து திரும்பப் பார்த்தவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே அவர்கள் கட்டிய அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. மூளைதான் காரணம் என்றால் ஒரே கப்பலில் வந்தவர்களுக்குள் இத்தனை வித்தியாசம் எப்படி வந்தது?

சிலோன்காரர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்து, அட்டையில் எழுதிய ஊருக்கு ரயிலேறினார்கள். கோப்பித் தோட்டத்துக்காகக் கங்காணிகள் இவர்களுடைய முப்பாட்டன்களை மன்னார் காட்டு வழியே நடத்திக் கூட்டிப்போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதுக்கோட்டையிலோ சேலத்திலோ திருச்சியிலோ அவர்களை யாரென்று கேட்க ஆளில்லை. பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது தொழில் கடன், 5,000 ரூபாய். கொழுந்து பறிப்பதும் கவ்வாத்து வெட்டுவதும் தெரிந்த குடும்பத்திடம் கடை வைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள். அதிலும் தரகர் ஒரு பங்கு எடுத்தார். கடன் கரைந்ததும், கிசுகிசுவெனப் பரவிய தகவலை நம்பி மலையேறினார்கள். கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல். குளிரும் தேயிலையும் தெரிந்தவை. கொடைக்கானல் மலைகளில் மரப்பட்டை உரிக்கும் குத்தகைக்காரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கிய குடும்பங்கள் 1980-களில் மீட்கப்பட்டன. பாஸ்போர்ட் வைத்திருந்த இந்தியக் குடிமக்கள் அவர்கள்.

கொஞ்சம் நல்லபடி அமைந்தவர்கள் டான்டீக்காரர்கள். சிலோன்காரர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-இல் வனத்துறை நிலத்தில் அரசு தேயிலை நட்டது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது, சுருக்கமாக டான்டீ. நிரந்தர வேலை, லயம் என்ற தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் வீடு, குழந்தைகளுக்குப் பள்ளி. நல்ல நோக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் சிலோனின் ஹட்டனில் விட்டுவந்த அதே வாழ்க்கை நீலகிரியின் பந்தலூரில் திரும்ப அமைந்தது. வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் வெளியே. 2022-இல் கழகத்தின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் வனத்துறைக்குத் திரும்பப் போனபோது, ஐம்பது வருடம் கொழுந்து பறித்த கிழவிக்குக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் என்ற பிரச்சினை சட்டமன்றம் வரை வந்தது. கூடலூரில் சொந்தமாகக் குடிசை போட்டவர்களின் நிலையும் தேவலாம் என்று சொல்ல முடியாது. 1969-இன் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் தகராறு தீராத நிலம் அது. பட்டா இல்லை, அதனால் மின் இணைப்பும் எளிதில் இல்லை.

இந்த இடத்தில் நம் புறநகருக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை, பெருங்குடியிலிருந்து கேளம்பாக்கம் வரை, ஒரு குடும்பம் ஒரே தலைமுறையில் மேலே ஏறியதா என்று கேட்டால் பதில் பெரும்பாலும் மனையில் இருக்கிறது. எப்போது வாங்கினார், எத்தனை சென்ட், பட்டா யார் பேரில். பெருங்குடியில் பர்மா காலனி என்றே ஒரு பகுதி உண்டு. எழுபதுகளில் அந்தப் பக்கம் ஏரியும் வயலும். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது, பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாயிற்று, வயலோரத்து மனைகள் எல்லாம் ஐ.டி. கம்பெனிகளுக்கு அக்கம்பக்கமாயின. அங்கே ஒரு சென்ட் சொந்தமாக வைத்திருந்தவர் கூலியாக இருந்தாலும் பேரன் படிப்புக்கு அதை அடமானம் வைக்க முடியும். நீலகிரியின் கொளப்பள்ளி லயத்தில் இருந்தவரிடம் அடமானம் வைக்க என்ன இருந்தது? உழைப்பு இருவருடையதும் ஒன்றுதான். நாள் முழுக்கக் கூடை சுமந்தவரின் உழைப்பு கொஞ்சம் அதிகமாகக்கூட இருக்கும். அரசாங்கம் ஒருவரை நகரத்து ஓரத்தில் இறக்கிவிட்டது, இன்னொருவரை அரசாங்கத்தின் சொந்த நிலத்தில் இறக்கிவிட்டது.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத தலித் மக்கள். தாத்தா ஊரில் சொந்தம் கொண்டாட ஒரு திண்ணைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. பிறப்புச் சான்று நுவரெலியாவில், பூர்வீகம் எந்தக் கிராமம் என்று தெரியாத நிலையில், இங்கே சாதிச் சான்றிதழ் வாங்கத் தாலுகா அலுவலகத்தில் தேய்ந்த செருப்புகள் ஏராளம். பர்மாவிலிருந்து வந்த முஸ்லிம், நாடார், செட்டியார் குடும்பங்களுக்கு நூலளவேனும் ஒரு தொடர்பு, கடன் கொடுக்க ஓர் உறவு, கடையில் உட்கார வைக்க ஒரு மாமா இருந்தார்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று கிடைத்தது. 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கி, தாயகம் திரும்பியவர்களை உறுப்பினர்களாகக் கொண்ட கூட்டுறவு நிறுவனம், தலைமையகம் தி.நகர். பெயர்ப்பலகையைப் பார்த்து இதை வெறும் வீட்டுக்கடன் நிறுவனம் என்று நினைப்பவர்கள் புறநகரில் அதிகம். அகதிக் கப்பலில் வந்தவர்களின் வங்கியில் நகை அடமானம் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த இருவரைத் தவிர மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள். கப்பல் போக்குவரத்து 1984-இல் நின்றது, அதோடு சாஸ்திரி ஒப்பந்தப்படி வரும் வழியும் அடைபட்டது. அதன் பின் வந்த மலையகத் தமிழர்கூட அகதிதான். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வாழும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் நிறையப் பேர் சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்த பிறகு இவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிக் கதவுகள் சில வருடம் மூடப்பட்டன. பிறகு திறந்து, இன்று பொறியியல் பட்டதாரிகள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அரசு வேலை கிடையாது. சோழிங்கநல்லூரில் நல்ல சம்பளத்துக்குப் போனாலும் மேடவாக்கத்தில் அரை கிரவுண்டு வாங்க முடியாது. இலங்கைக் குடிமகன் இங்கே மனை வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அந்நியச் செலாவணிச் சட்டம். நாற்பது வருடமாக வாடகை.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, 7,469 வீடுகள் கட்டித்தருவது உட்பட 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. வீடு வரும், பட்டா வராது, ஏனென்றால் குடியுரிமை டெல்லியின் கையில். இலங்கையிலேயே தங்கிவிட்ட மலையகத் தமிழர்களுக்கு 2003-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டது. அவர்களுடைய பங்காளிகளான 65 பேர் திருச்சி முகாமிலிருந்து மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார்கள். அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்கக் கூடாது, விண்ணப்பத்தை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதே வருடம் டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் அதில் இருந்தன. இலங்கை இல்லை.

(தொடரும்)