மடகாஸ்கர்: திருமறையும் அரியணையும்

ஆப்பிரிக்காவின் கிழக்கே இந்துமாக்கடலில் அமைந்த பெருந்தீவு மடகாஸ்கர். ஆயினும் அதன் மலகாசி மொழி தென்கிழக்காசியத் தீவுகளின் மொழிகளுக்கு உறவுடையது. மன்னர் முதலாம் இராடாமா 1820இல் இலண்டன் மிஷனெரி சங்கத்தாரைத் தம் தலைநகரில் வரவேற்றார். பள்ளிகளும் அச்சகமும் எழுந்தன. அவருக்குப்பின் அரியணையேறிய இராணி முதலாம் இரனவலோனா 1835இல் தம் குடிகளுக்குக் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தார். அவ்வாண்டிலேயே மலகாசித் திருமறை அச்சேறி முடிந்தது. மிஷனெரிமார் 1836இல் வெளியேறினர்; 1837இல் இரசலாமா என்னும் பெண் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். எனினும் 1861இல் இராணி மறைந்தபோது, விசுவாசிகள் பெருகியிருந்ததைக் காண்கிறோம். அவர்கள் ஒளித்துவைத்து வாசித்த தாய்மொழித் திருமறையே அவர்களை நிலைநிறுத்தியது எனலாம்.

ஆனால், இராணியைக் கொடியவர் என்று மட்டும் நாம் ஒதுக்கிவிடலாகாது. அந்நியரால் நாட்டின் உரிமை அழியும் என்று அவர் அஞ்சினார். 1896இல் பிரான்சு அத்தீவைத் தன் குடியேற்ற நாடாக்கியது. 1960இல்தான் விடுதலை கிட்டியது. திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நாம் இரசலாமாவின் சாட்சியையும் இராணியின் அச்சத்தையும் ஒருங்கே கூறக் கடமைப்பட்டுள்ளோம்.