உடைந்த ஓடு சொல்லும் வரலாறு



தைப்பொங்கல் நெருங்கும் நாளில் சிங்கப்பூரின் செராங்கூன் சாலைப் பக்கம் சென்றால், கேம்பல் லேன் தெருவில் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் அருகே மண்பானைகள் அடுக்கியிருப்பதைக் காணலாம். பானை வாங்கும் பெரியவர்கள் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மந்தமானால் எங்கோ கீறல் உண்டு. பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் அறிந்த இத்தகைய அறிவுதான் இன்று தொல்பொருள் ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. எவ்வாறு என்று பார்ப்போம்.

சிங்கப்பூர் நகரின் நடுவே ஃபோர்ட் கேனிங் குன்று இருக்கிறது. 1928ஆம் ஆண்டில் அங்கே நீர்த்தேக்கத்துக்காக மண் வெட்டிய தொழிலாளர்கள் பழங்காலப் பொன் நகைகளைக் கண்டெடுத்தனர். 1984இல் ஜான் மிக்சிக் என்னும் ஆய்வாளர் அதே குன்றில் முறையாக அகழாய்வு செய்தார். சீனப் பீங்கான் துண்டுகளும், கண்ணாடி மணிகளும், சாதாரண மண்பாண்ட ஓடுகளும் கிடைத்தன. அவை 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ராஃபிள்ஸ் வந்திறங்கிய 1819க்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்து, வாணிகம் செய்து, சமைத்து உண்டார்கள் என்பதற்கு அந்த ஓடுகள் சாட்சி. பொன் நகை அதை அணிந்த செல்வரைப் பற்றி மட்டுமே சொல்லும். மண்சட்டியோ அடுப்படியில் நின்றவரைப் பற்றிச் சொல்லும்.

ஆனால் ஓட்டுக்கு வாய் இல்லையே! அதன் மொழியை ஆய்வாளருக்குக் கற்பித்தவர்கள் கிராமத்துக் குயவர்களே. தமிழ்நாட்டுக் குயவர் களிமண்ணை மிதித்துப் பதப்படுத்தி, அளவாக மணல் சேர்த்து, சக்கரத்தில் வைத்துப் பானையின் வாயையும் கழுத்தையும் எடுப்பார். ஈரம் சற்று உலர்ந்தபின், உட்புறம் ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டி அடிப்பாகத்தை உருட்டுவார். தென்கிழக்காசியாவின் பல ஊர்களில் பெண்கள் சக்கரமே இல்லாமல் இவ்வாறு தட்டிப் பானை செய்வது வழக்கம். சக்கரம் சுழன்றால் ஓட்டில் வரிவரியாகக் கோடு விழும். கல் பட்ட இடத்தில் உட்புறம் சிறு குழி விழும். பலகையில் செதுக்கிய கோலம் வெளிப்புறத்தில் பதியும். ஃபோர்ட் கேனிங் மண்பாண்ட ஓடுகளிலும் பலகையின் தடம் காணப்படுகிறது. உயிரோடிருக்கும் குயவரின் கையைக் கண்டதால்தான், மறைந்துபோன கையின் வேலையும் புரிகிறது.

நெருப்பும் தன் கையெழுத்தை இடுகிறது. வைக்கோலும் விறகும் மூடிச் சுடும் கிராமத்துச் சூளையில் வெப்பம் பெரும்பாலும் 600 முதல் 850 டிகிரி வரை எழும். அந்தப் பானையில் நுண்ணிய துளைகள் இருப்பதால் நீர் கசிந்து ஆவியாகி, உள்ளிருக்கும் தண்ணீர் குளிர்கிறது. 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட சீனச் சாடி கல்லைப் போல் இறுகி, நீரைக் கசியவிடாது. ஓட்டின் அடியில் கரி படிந்திருந்தால் அது அடுப்பேறிய சட்டி.

இன்னொரு பாடமும் உண்டு. நாள்தோறும் அடுப்பேறும் சட்டி விரைவில் உடையும். மூலையில் நிற்கும் தானியக் குதிர் தலைமுறைகளைக் கடக்கும். ஆகையால் சட்டி ஓடுகள் குவிந்து கிடப்பதைக் கண்டவுடன் அங்கே பெருங்கூட்டம் வாழ்ந்தது என்று முடிவு கட்டலாகாது. ஒரே குடும்பம் பல ஆண்டுகளில் உடைத்த சட்டிகளாகவும் அவை இருக்கலாம்.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இதில் என்ன? சிங்கப்பூரின் மேற்கே, ஜாலான் பஹார் அருகே, 1940இல் கட்டப்பட்ட தாவ் குவாங் டிராகன் சூளை இருக்கிறது. நீண்ட உடலும் நெருப்பு வாயும் கொண்ட சீனர் சூளை அது. அங்கே ஒரு காலத்தில் சுட்டெடுத்த பொருள்களுள் ஒன்று, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு! நம் தாத்தா பாட்டியர் விடியற்காலையில் துடைத்துக் கவிழ்த்த மங்குகள் இத்தகைய சூளைகளில் பிறந்தவையே. செராங்கூன் சாலைப் பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டில் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் எரிந்தன. அதனால்தான் தமிழர் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர்.

தோட்டக் கணக்குப் புத்தகத்தில் நம் முன்னோரின் பெயரும் கூலியும் இருக்கும். அவர்கள் எதில் சமைத்தார்கள், எதில் நீர் மொண்டார்கள் என்பது இராது. அதைச் சொல்ல லயத்தின் பின்புறம் கிடக்கும் மங்கும் சட்டி ஓடும்தான் உண்டு. ஆகவே, நேயர்களே, வீட்டுப் பெரியவர்களிடம் பழைய பாத்திரங்களின் பெயரையும் பயனையும் கேட்டு, பிள்ளைகளை ஏட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மண்ணில் பழைய ஓடு தென்பட்டால் பிடுங்கி எடுத்துவிட வேண்டாம். கிடந்த இடமும் ஆழமும் தெரிந்தால்தான் அதன் காலம் புலப்படும்; இடம் பெயர்ந்த ஓடு பாதி ஊமையாகிவிடும். ஆசிரியரிடமோ அருங்காட்சியகத்தாரிடமோ சொல்லுங்கள்.

அரசர்கள் கல்லில் எழுதிவைத்தார்கள். நம்மைப் போன்றோர் மண்ணில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதைப் படிக்கக் கற்போம்.