நிரந்தரப் பணியிலிருந்து ஒப்பந்தப் பணிக்கு: கைமாறும் இடர்கள்

நிரந்தரப் பணியை விட்டு ஒப்பந்தப் பணிக்குச் செல்வோர் பெரும்பாலும் இரு மாதச் சம்பளங்களை அருகருகே வைத்துப் பார்த்தே முடிவெடுக்கின்றனர். ஒப்பந்தத்தில் கூடுதலாக வரும் தொகையை அவர்கள் ஊதிய உயர்வு என எண்ணுவது பிழை. அதுவரை முதலாளி சுமந்துவந்த செலவுகளையும் இடர்களையும் பணியாளர் ஏற்றுக்கொள்வதற்கான ஈடே அத்தொகையின் பெரும்பகுதி. இந்தியச் சட்டச் சூழலில் அந்த ஈடு பல நேரங்களில் போதுவதில்லை.

ஒப்பந்தப் பணி என்ற பெயரில் மூன்று ஏற்பாடுகள் வழங்குகின்றன. நிறுவனமே குறித்த காலத்துக்கு நேரடியாக நியமிப்பது ஒன்று. ஆள் வழங்கும் ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு வேறொரு நிறுவனத்தில் வேலை செய்வது இரண்டாவது. சம்பளச் சீட்டே இல்லாமல், கன்சல்டன்ட் என்ற நிலையில் பில் அனுப்பிப் பணம் பெறுவது மூன்றாவது. இவற்றுள் முதலாவதற்கே சட்டத்தின் துணை கூடுதலாக உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, குறித்த காலப் பணியாளருக்கு அதே வேலை செய்யும் நிரந்தரப் பணியாளரைவிட ஊதியமும் சலுகைகளும் குறையக் கூடாது. ஓராண்டு பணியாற்றினாலே பணிக்கொடை பெறலாம். ஏஜென்சி வழிப் பணியாளரின் நிலை வேறு. ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஒரு வேலையில் தடை செய்யப்பட்டாலும், அங்கு வேலை செய்தவர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியராகிவிட மாட்டார்கள் என ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. கன்சல்டன்டுக்கோ வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை மூன்றுமே இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இழப்பின் அளவு புலப்படும். நிரந்தரப் பணியில் மாதம் 1,00,000 ரூபாய் மொத்தச் சம்பளமும், அதில் 52,000 ரூபாய் அடிப்படை ஊதியமும் பெறும் ஒருவரைக் கொள்வோம். முதலாளி முழு அடிப்படை ஊதியத்துக்கும் 12 விழுக்காடு வைப்புநிதி செலுத்தினால் ஆண்டுக்கு 74,880 ரூபாய் சேர்கிறது. பணிக்கொடை ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம். மாதத்தை 26 நாளாகக் கொள்வதால் அது 30,000 ரூபாய். ஆக ஆண்டு வருமானம் 13,04,880 ரூபாய். இவரே 30 விழுக்காடு கூடுதலாக, மாதம் 1,30,000 ரூபாய்க்குக் கன்சல்டன்ட் ஆகிறார். இரு ஒப்பந்தங்களுக்கு நடுவே ஆண்டில் இரண்டு மாதம் வேலையின்றிப் போனால் கிடைப்பது 13,00,000 ரூபாய்தான். 30 விழுக்காடு முழுவதும் கரைந்துவிட்டது. குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

விலகும் நேரமும் முக்கியம். நிரந்தரப் பணியாளருக்குப் பணிக்கொடை உரிமை ஐந்தாண்டுத் தொடர்பணிக்குப் பிறகே பிறக்கிறது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி முடித்திருந்தால் போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் கொண்டது. எல்லா நிறுவனங்களும் இதை வழக்கின்றி ஏற்பதில்லை. சில மாதங்கள் பொறுக்காமல் விலகுபவர் நான்கு ஆண்டுக்கு மேல் சேர்ந்த பணிக்கொடையை அப்படியே விட்டுச் செல்கிறார்.

இவை அனைத்திலும் பெரிய இடர் ஒப்பந்தம் முடியும் நாளில் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யக் குறைந்தது ஒரு மாத நோட்டீசும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதிய இழப்பீடும் வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவது ஆட்குறைப்பே ஆகாது என்ற விதி 1984இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. புதிய தொகுப்பும் அதைத் தொடர்கிறது. எனவே புதுப்பிக்க மறுக்கும் முதலாளி எந்தத் தவறும் செய்தவர் ஆகார். காரணம் சொல்லவும் தேவையில்லை. மென்பொருள் துறையில் இந்த வேறுபாடு கண்கூடு. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை நிரந்தரப் பணியாளர் பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் பெறுகிறார். ஒப்பந்தப் பணியாளருக்குப் பெஞ்ச் கிடையாது. சந்தை சரியும்போது முதலில் வெளியேறுபவரும் அவரே. அப்போது திரும்பிச் செல்ல நிரந்தர இடங்களும் குறைந்திருக்கும்.

தொடர்ந்து உழைத்தால் என்றாவது நிரந்தரமாகிவிடலாம் என்ற நம்பிக்கையை இங்கே கவனத்துடன் அளக்க வேண்டும். 24 மாதங்களில் 480 நாள் பணி முடித்த தொழிலாளிக்கு நிரந்தர நிலை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1981 முதல் உண்டு. பல தலைமுறைத் தொழிலாளருக்கு அது கேடயமாக இருந்தது. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்போர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. அரசுத் துறையில் வாய்ப்பு இன்னும் குறுகலானது: முறையான தேர்வின்றி நியமிக்கப்பட்டோர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2006இல் தெளிவாக்கியது. நீண்டகாலம் உழைத்தோருக்குச் சார்பான தீர்ப்புகள் பின்னர் வந்துள்ளன; எனினும் அவை பல ஆண்டு வழக்காடியபின் கிட்டியவை.

சந்தையில் எளிதில் கிடைக்காத திறன் உள்ளவர், வீட்டில் இன்னொருவரின் நிலையான வருமானம் உள்ளவர், ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருப்பவர் ஆகியோருக்கு இம்மாற்றம் தகும். வீட்டுக் கடன் வாங்கவிருப்பவருக்குத் தகாது. மாதச் சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டுகளைப் பார்த்து நிறைவடையும் வங்கி, கன்சல்டன்டிடம் பொதுவாகப் பல ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

கையெழுத்திடும் முன் சம்பளத் தொகையைவிட ஊன்றிப் படிக்க வேண்டியது முறிவு விதியை. ஓராண்டு ஒப்பந்தம் எனத் தலைப்பில் இருந்தாலும், 30 நாள் நோட்டீசில் எத்தரப்பும் காரணமின்றி விலகலாம் என உள்ளே இருந்தால், அதன் உண்மையான காலம் 30 நாளே. குறைந்தபட்சக் காலத்துக்கான ஊதியத்தை உறுதிசெய்யும் விதியையும், முன்கூட்டி முறித்தால் தர வேண்டிய இழப்பீட்டையும் எழுத்தில் கேட்பது பணியாளரின் உரிமை. தேவை நெருக்கி முதலாளி தாமே தேடி வந்த வேளையில் இவற்றைக் கேட்டுப் பெறலாம். நிரந்தரப் பணியிலிருந்து ராஜினாமா கொடுத்தபின் அந்தப் பேரம் பேசும் வலு இருக்காது.