அ.தி.மு.க. தலைமைப் போட்டியும் மீள் இணைவும் (1987–1989)

அ.தி.மு.க. தலைமைப் போட்டி (1987–1989) என்பது தமிழக முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் (எம்.ஜி.ஆர்.) மறைந்த பின்னர், அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தில் அவருடைய இடத்திற்கு யார் வருவது என்பதில் எழுந்த பிளவினையும், அப்பிளவு நீங்கிக் கட்சி மீண்டும் ஒன்றிணைந்ததையும் குறிக்கும். எம்.ஜி.ஆரின் மனைவி வி. என். ஜானகி ஓர் அணிக்கும், கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கிய ஜெ. ஜெயலலிதா மற்றோர் அணிக்கும் தலைமை தாங்கினர். சட்டமன்ற உறுப்பினர்களின் ஆதரவு ஓர் அணியிடமும் வாக்காளர்களின் ஆதரவு மற்றோர் அணியிடமும் இருந்தது இப்போட்டியின் தனித்தன்மை ஆகும்.

பின்னணி

எம்.ஜி.ஆர். 1972 அக்டோபர் 17 அன்று அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1977ஆம் ஆண்டு ஆட்சியைப் பிடித்த இக்கட்சி 1980, 1984 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. 1984 தேர்தலின்போது எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் இருந்தார். ஆயினும் ஆண்டிப்பட்டி தொகுதியில் அவர் வெற்றி பெற்றார். கட்சியும் 132 இடங்களைக் கைப்பற்றியது. கட்சியின் செல்வாக்கு பெரிதும் அவரது தனிப்பட்ட செல்வாக்கையே சார்ந்திருந்தது. தமக்குப் பின் இன்னார்தாம் என்று அவர் எவரையும் அறிவிக்கவில்லை. 1987 டிசம்பர் 24 அன்று அவர் காலமானபோது, அவருடைய இடத்தை நிரப்புவதற்கு அனைவரும் ஏற்கும் வழிமுறை எதுவும் கட்சியில் இருக்கவில்லை.

பிளவு

எம்.ஜி.ஆர். மறைந்தவுடன் மூத்த அமைச்சர் இரா. நெடுஞ்செழியன் இடைக்கால முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஒரு பிரிவினர் அவரே முதலமைச்சராகத் தொடர வேண்டும் என்றும், ஜெயலலிதா கட்சியின் பொதுச் செயலாளராக வேண்டும் என்றும் கருதினர். ஆர். எம். வீரப்பன் முதலானோர் ஜானகியை முன்னிறுத்தினர். சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஜானகியை ஆதரித்தமையால் ஆளுநர் எஸ். எல். குரானா அவரை ஆட்சியமைக்க அழைத்தார். 1988 ஜனவரி 7 அன்று பதவியேற்ற ஜானகி, தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் ஆவார். அப்போது அவர் சட்டமன்ற உறுப்பினராக இருக்கவில்லை.

ஜெயலலிதா அணியில் 30க்குச் சற்று மேற்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களே இருந்தனர். 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, ஒரு கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் மட்டுமே அவர்களது பதவி பறிபோகாது. (இவ்விலக்கு 2003ஆம் ஆண்டு நீக்கப்பட்டது.) 132 பேரில் மூன்றில் ஒரு பங்கு 44 ஆகும். எனவே இவ்வணியினர் எண்ணிக்கையில் குறைந்திருந்ததோடு, பதவியிழக்கும் நிலையிலும் இருந்தனர்.

நம்பிக்கை வாக்கெடுப்பு

ஜானகி அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு 1988 ஜனவரி 28 அன்று நடைபெற்றது. அ.தி.மு.க.வின் கூட்டணிக் கட்சியாக இருந்த காங்கிரசு, அரசை ஆதரிக்க மறுத்துவிட்டது. அவையில் கைகலப்பு மூண்டது; காவல் துறையினர் அவைக்குள் நுழைந்து தடியடி நடத்தினர். அவைத்தலைவர் பி. எச். பாண்டியன் நம்பிக்கைத் தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார். எனினும், நடுவண் அரசு ஜனவரி 30 அன்று ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியை நடைமுறைப்படுத்தியது. ஜானகி அரசு நான்கு வாரங்கள்கூட நீடிக்கவில்லை.

சின்னம் முடக்கம்

இரு அணிகளும் தாங்களே உண்மையான அ.தி.மு.க. என்று கூறி இரட்டை இலைச் சின்னத்திற்கு உரிமை கோரின. தேர்தல் சின்னங்கள் ஆணை, 1968இன் 15ஆம் பத்தி இத்தகைய வழக்குகளில் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தேர்தல் ஆணையத்திற்கு வழங்குகிறது. கட்சி அமைப்பிலும் சட்டமன்றங்களிலும் எந்த அணிக்குப் பெரும்பான்மை உள்ளது என்பதை ஆணையம் ஆராயும். காங்கிரசின் 1969 பிளவு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டு இம்முறையை ஏற்றுக்கொண்டது. தேர்தல் நெருங்கியும் முடிவு எட்டப்படாவிடில், சின்னம் இரு தரப்பிற்கும் கிடைக்காதவாறு முடக்கப்படுவது வழக்கம்.

1988 டிசம்பரில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல் சின்னமும், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா சின்னமும் ஒதுக்கப்பட்டன. எம்.ஜி.ஆரோடு சேர்த்தே வாக்காளர்கள் அறிந்திருந்த சின்னம் 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை.

1989 சட்டமன்றத் தேர்தல்

1989 ஜனவரி 21 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. தி.மு.க., காங்கிரசு, இரு அ.தி.மு.க. அணிகள் என நான்குமுனைப் போட்டி நிலவியது. காங்கிரசிலிருந்து விலகித் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கிய நடிகர் சிவாஜி கணேசன் ஜானகி அணியுடன் கூட்டணி அமைத்தார். திருவையாறு தொகுதியில் அவர் தோல்வியடைந்தார். முதன்மைக் கட்சிகள் பெற்ற இடங்களும் வாக்குகளும் (தோராயமாக) வருமாறு:

தி.மு.க. – 150 இடங்கள், 33 விழுக்காடு
அ.தி.மு.க. (ஜெயலலிதா அணி) – 27 இடங்கள், 21 விழுக்காடு
காங்கிரசு – 26 இடங்கள், 20 விழுக்காடு
அ.தி.மு.க. (ஜானகி அணி) – 2 இடங்கள், 9 விழுக்காடு

தி.மு.க. மூன்றில் ஒரு பங்கு வாக்குகளுடன் மூன்றில் இரு பங்கிற்கு அண்மித்த இடங்களைப் பெற்றது. கூடுதல் வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்னும் தேர்தல் முறையில் எதிர்ப்பு வாக்குகள் சிதறினால் ஏற்படும் விளைவிற்கு இது எடுத்துக்காட்டாகும். போடிநாயக்கனூரில் வென்ற ஜெயலலிதா எதிர்க்கட்சித் தலைவரானார். தமிழகச் சட்டமன்றத்தில் இப்பொறுப்பை வகித்த முதல் பெண் இவரே. எம்.ஜி.ஆர். முன்பு வென்ற ஆண்டிப்பட்டியில் ஜானகி தோற்றார்.

ஓராண்டிற்கு முன்னர் சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த அணி, மக்களிடம் பத்தில் ஒரு பங்கு வாக்குகளைக்கூடப் பெறவில்லை. தலைமை யாருக்கு என்னும் வினாவிற்கு இத்தேர்தலே விடையளித்தது.

மீள் இணைவு

தேர்தல் முடிவுகளையடுத்து ஜானகி அரசியலிலிருந்து விலகினார். 1989 பிப்ரவரியில் இரு அணிகளும் ஜெயலலிதா தலைமையில் இணைந்தன. உரிமை கோரிய மற்றோர் அணி இல்லாததால் இரட்டை இலைச் சின்னம் கட்சிக்குத் திரும்பக் கிடைத்தது. தேர்தல் தள்ளிவைக்கப்பட்டிருந்த மருங்காபுரி, மதுரை கிழக்கு ஆகிய இரு தொகுதிகளில் மார்ச் மாதம் வாக்குப்பதிவு நடைபெற்றது. ஆளுங்கட்சியான தி.மு.க.வை எதிர்த்து இரண்டிலும் ஒன்றிணைந்த அ.தி.மு.க. வென்றது.

பிளவை ஆற்றுவதில் இரு தரப்பிற்கும் பங்கிருந்தது. ஜானகி போட்டித் தலைமையாகத் தொடரவில்லை. அவருக்குத் துணைநின்ற ஆர். எம். வீரப்பன், 1991ஆம் ஆண்டு அமைந்த ஜெயலலிதா அமைச்சரவையில் இடம்பெற்றார். நெடுஞ்செழியன் அதே அமைச்சரவையில் நிதியமைச்சரானார்.

விளைவுகள்

இரு அணிகளின் வாக்குகளைக் கூட்டினாலும் 30 விழுக்காடே வரும், தி.மு.க.வை முந்த அது போதாது. ஆகவே கட்சி இணைந்த பின்னர் காங்கிரசுடன் மீண்டும் கூட்டணி அமைக்கப்பட்டது. 1989 நவம்பர் மக்களவைத் தேர்தலில் இக்கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளில் 38ஐக் கைப்பற்றியது (காங்கிரசு 27, அ.தி.மு.க. 11). தி.மு.க. ஓரிடத்திலும் வெல்லவில்லை. 1991 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. 164 இடங்களைப் பெற்று, ஜெயலலிதா முதலமைச்சரானார். இவ்வெற்றியில் இராஜீவ் காந்தி படுகொலையால் எழுந்த அனுதாப அலைக்கும் பெரும் பங்குண்டு.

பிற்காலப் பிளவுடன் ஒப்பீடு

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்த பின்னரும் கட்சி பிளவுற்றது. 2017 மார்ச்சில் இரட்டை இலை மீண்டும் முடக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகத்தில் ஓ. பன்னீர்செல்வம், எடப்பாடி க. பழனிசாமி ஆகியோரின் அணிகள் இணைந்தன. நவம்பரில் சின்னம் அவர்களுக்கு வழங்கப்பட்டது. 1989இல் ஒருவர் விலகியதால் ஒற்றைத் தலைமை உருவானது. 2017இலோ ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என இருவரும் தலைமையைப் பகிர்ந்துகொண்டனர். இரட்டைத் தலைமை ஐந்தாண்டுகளே நீடித்தது. 2022 ஜூலை 11 அன்று கூடிய பொதுக்குழு பழனிசாமியை இடைக்காலப் பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுத்து, பன்னீர்செல்வத்தைக் கட்சியிலிருந்து நீக்கியது. 2023 மார்ச்சில் பழனிசாமி பொதுச் செயலாளரானார்.