கப்டன் நீமோ எந்த ஊர்க்காரர்?

கப்டன் நீமோ எண்டதும் கனபேருக்கு ஞாபகம் வாறது 1954இல் வந்த டிஸ்னி படத்தின் ஜேம்ஸ் மேசன்தான். அழகான தாடி, ஓர்கன் வாசிக்கிற கை, சுத்தமான இங்கிலிஷ். அந்த நீமோ எந்த நாட்டுக்காரர் எண்டு படம் கடைசிவரைக்கும் சொல்லாது.

யூல் வேர்ண் சொல்லியிருக்கிறார். ரஷ்யாவோட பகையுள்ள ஒரு போலந்துக்காரராகத்தான் முதலில் நீமோவை யோசிச்சவர். ரஷ்யாவில் புத்தகம் விலைப்படாமல் போயிடும் எண்டு பதிப்பாளர் ஹெட்செல் தடுத்தார். அதனால முதல் நாவலில் நீமோவுக்கு நாடே இல்லை. 1875இல் முடிஞ்ச 'மர்மத் தீவு' நாவலில்தான் உண்மை வெளிய வருது: அவர் புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், திப்பு சுல்தானின் உறவுக்காரர். 1857 கிளர்ச்சியில் பிரித்தானியரோடு மோதி, மனைவி பிள்ளைகளை இழந்தவர்.

முதல் நாவலிலேயே ஒரு தடயம் இருக்கு, அதுவும் எங்கட மன்னார்க் கடலில. முத்துக்குளிப்புப் பருவத்துக்கு முன்னமே ஒரு ஏழை தனியா வந்து கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கிறான். சுறா பாயுது. நீமோ கத்தியோட குறுக்க போய் அவனைக் காப்பாற்றி, ஒரு பை முத்தும் குடுக்கிறார். பிறகு, ஒடுக்கப்பட்ட நாட்டுக்காரன் அவன், நானும் அப்படித்தான் எண்ட கருத்தில பேசுறார். வேர்ண் அந்த ஏழைக்குப் பேர் வைக்கேல்லை, 'இந்தியன்' எண்டதோட சரி.

டிஸ்னி படத்தில இந்தக் காட்சியே இல்லை. ஆனா அதுக்கு வெகுமுன்னம், 1916இல் ஸ்டுவர்ட் பேட்டன் எடுத்த மௌனப் படத்தில நீமோ இந்திய இளவரசர்தான். நடிச்சது முகத்துக்குக் கறுப்புப் பூசின அலன் ஹொலுபார் எண்ட வெள்ளைக்காரர். பஹாமாஸ் கடலில எடுத்த அந்தப் படத்தில முத்துக்குளிப்பவரும் வாறார், சுறாவுக்குப் பதிலா ஒக்டோபஸ். 1961 'மர்மத் தீவு' படத்தில ப்ராக்கில் பிறந்த ஹேர்பேர்ட் லோம். கதையே இந்தியர் எண்டு சொன்ன நாவலை எடுத்தும் அதை விட்டிட்டினம், அதுதான் எனக்குக் கோபம்.

2003இல் நசீருதீன் ஷா வந்தார். பெரிய தலைப்பாகை, வாள், காளி வழிபாடு. இந்தியராக்கின கையோட அலங்காரப் பொம்மையாவும் ஆக்கிப்போட்டாங்கள். ஷா எவ்வளவு பெரிய நடிகர்!

பிறகு டிஸ்னியே ஷசாட் லத்தீபை நீமோவாக வைச்சு 'நோட்டிலஸ்' தொடரை எடுத்தது. எடுத்து முடிச்சிட்டு, போடமாட்டம் எண்டு 2023இல் கைவிட்டது. 2024இல் வேற நிறுவனங்கள்தான் அதை வாங்கிக் காட்டினது. அதில நீமோவின்ர எதிரி ஒரு கிழக்கிந்தியக் கம்பனி.