தந்திக் கம்பியின் கணக்கு

1858 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அயர்லாந்தின் வலன்சியாத் தீவிலிருந்து நியூபவுண்லாந்து வரை அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே தந்திக் கம்பி இடப்பட்டது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு விடுத்த செய்தி 98 சொற்களே கொண்டது. அது அக்கரை சேர ஏறத்தாழ 16 மணித்தியாலங்கள் சென்றன! நியூயோர்க் மக்களோ மகிழ்ச்சி மிகுதியால் வாணவேடிக்கை விட்டு, நகர மண்டபத்தின் கோபுரத்துக்கே தீ மூட்டிவிட்டனர்.

இத்தாமதத்தை முன்னரே கணித்தவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தொம்சன். செப்புக் கம்பியும், அதன் காப்புறையும், வெளியிலுள்ள கடல்நீரும் சேர்ந்து மின்னேற்றத்தைத் தேக்கும் ஒரு நெடும் பாத்திரமாகின்றன. அது நிரம்ப நிரம்பவே மறுமுனையிற் குறி தென்படும். உலோகக் கோலில் வெப்பம் பரவுவதற்குரிய சமன்பாடே இதற்கும் பொருந்துமென 1854 இல் அவர் கண்டார். நீளம் இருமடங்கானால் தாமதம் நான்மடங்காகும். கம்பனியின் மின்னியல் அதிகாரி வைற்கவுஸ், தொழிலால் வைத்தியர். இவ்விதியை அவர் ஏற்றாரல்லர். ஏறத்தாழ 2000 வோல்ற்று அழுத்தத்தைக் கம்பியில் ஏற்றினார். சில வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. பழி முழுவதையும் அவர்மீது சுமத்துதல் நியாயமன்று. கம்பி செய்யப்பட்ட முறையிலும் குறைகள் இருந்தன.

தொம்சனின் கணக்கும் முழுமையானதன்று. அதனை நிறைவாக்கியவர் பட்டம் எதுவும் பெறாத ஒலிவர் ஹெவிசைட். செவிப்புலன் குன்றியவர், தந்தி ஊழியத்தை 1874 இல் விட்டு, வீட்டிலிருந்தே ஆராய்ந்தவர். கம்பியின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் தடை, தூண்டல், கொள்ளளவம், கசிவு ஆகிய நான்கும் உண்டெனக் கொண்டு சமன்பாடுகள் வகுத்தார். தூண்டலைக் கூட்டினால் பேச்சு சிதையாது செல்லும் என 1887 இல் அவர் கூறியபோது, பிரித்தானியத் தபாற் பகுதியின் பிரீஸ் அதை எள்ளி, கட்டுரையொன்று வெளிவராமலும் தடுத்தார். 1900 இல் அமெரிக்காவில் பியூப்பின் அதே கருத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றுப் பெருஞ்செல்வரானார். ஹெவிசைட்டுக்கு அதில் ஒரு காசேனும் கிட்டவில்லை.

1969 இல் டொமெல் மின்வலுக் கம்பிகளுக்கும், 1973 இல் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் ‘ஸ்பைஸ்’ என்னும் பெயரால் மின்சுற்றுகளுக்கும் கணனி நிரல்கள் வெளியிட்டனர். பொறியியலாளர் இன்றும் நெடுங்கம்பியைச் சிறு துண்டுகளாக்கி, ஹெவிசைட்டின் நான்கு அளவுகளையும் ஒவ்வொன்றிலும் இடுகின்றனர். துண்டுகள் போதாவிடின், மெய்யான கம்பியில் இல்லாத நடுக்கங்களைக் கணனி காட்டும். இழப்பற்ற கம்பியாயின் துண்டுகளே வேண்டா. ஒரு முனையிற் புகுந்த அலை குறித்த நேரத்தின் பின் மறுமுனையில் வெளிப்படும் என்று எழுதினாற் போதும்.