கோவில்பட்டி பின்கோடு 628501: இந்த ஆறு இலக்கத்துக்குள்ள இவ்வளவு கணக்கா?

கடலைமிட்டாய் பார்சலோ, கல்யாணப் பத்திரிகையோ, கோவில்பட்டிக்கு எது போனாலும் முகவரியின் கடைசியில் இருப்பது 628501. கணக்கு வகுப்பில் வைத்துப் பார்த்தால் இது எப்படிப்பட்ட எண்? உங்க வங்கிக் கணக்கின் பாதுகாப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எளிமையாகப் பார்ப்போம்.

முதல்ல, இந்த எண் எப்படி வந்தது?

இடைசெவல் தந்த எழுத்தாளர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் கடிதம் எழுதிக்கொண்ட காலத்தில் பின்கோடு என்பதே கிடையாது. அழகிரிசாமி மறைந்தது 1970ல். பின்கோடு அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15ல்.

முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, கேரளா உள்ளிட்ட மண்டலத்தைக் குறிக்கும். 628 என்றால் தூத்துக்குடி பகுதி. கடைசி மூன்று இலக்கம் தபால் நிலையத்துக்கானது.

இது பகா எண்ணா?

1, தன்னைத்தானே தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாததுதான் பகா எண். 628501ஐ சோதிப்போம்.

• 1ல் முடிகிறது. அதனால் 2, 5 ஆகியவற்றால் வகுபடாது.
• இலக்கங்களின் கூட்டுத்தொகை 22. அதனால் 3ஆல் வகுபடாது.
• 7, 11, 13, 17 என எதாலும் வகுபடவில்லை.
• 19ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 33,079 வரும். அதை மறுபடியும் 19ஆல் வகுத்தால் 1,741.

1,741 இதுக்கு மேல உடையாது. 41 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும், ஏன்னா 42ன் வர்க்கம் 1,764, அதாவது 1,741ஐத் தாண்டிவிடும்.

ஆக, 628501 = 19 × 19 × 1741. இது பகு எண்.

வேறென்ன சிறப்பு?

• காரணிகள் மொத்தம் 6: 1, 19, 361, 1741, 33079, 628501. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான குறுக்குவழி: 19ன் அடுக்கு 2, 1741ன் அடுக்கு 1. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 3 × 2 = 6.
• தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை 35,201 மட்டுமே. எண்ணைவிட இது சிறியது என்பதால் 'குறைவெண்' வகை. (6 அப்படியில்லை. 1+2+3 = 6, அது நிறைவெண்.)
• 1741 = 29² + 30². அடுத்தடுத்த இரண்டு எண்களின் வர்க்கம்! இருபுறமும் 19ன் வர்க்கத்தால் பெருக்கினால் 628501 = 551² + 570².

சரி, இதனால நமக்கு என்ன?

628501ஐ பேப்பர், பேனா வைத்தே உடைத்துவிட்டோம். ஆனால் இணையத்தில் புழங்கும் ஆர்எஸ்ஏ என்ற பூட்டுக்கு, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் 617 இலக்க எண் பயன்படுகிறது. பெருக்குவது சுலபம். விடையை மட்டும் கொடுத்து, 'எந்த இரண்டு எண்?' என்று கேட்டால் இன்றைய கணினிகளாலும் நடைமுறையில் கண்டுபிடிக்க முடியாது. 1977ல் உருவான இந்த முறைக்கு அந்தச் சிரமம்தான் காவல்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று வேகமாகக் கண்டுபிடிக்க முடியும். அதற்கான புகழ்பெற்ற வழிமுறையை 2002ல் தந்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ஆனால் 'பகா எண் இல்லை' என்று தெரிந்தாலும், அதன் காரணிகள் எவை என்பது தெரியாது. அதனால் பூட்டு பத்திரமாகவே இருக்கிறது.

உங்க ஊர் பின்கோடு பகா எண்ணா? 2, 3, 5 என்று ஆரம்பித்து நீங்களே வகுத்துப் பாருங்க. ஆறு இலக்க எண் எதுவானாலும் 1000க்குள் உள்ள பகா எண்களோடு சோதனை முடிந்துவிடும்.